ஒரே ஒரு டின் தானே!

பீரைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. மேடை போட்டு உபதேசம் செய்யும் கட்டுரையும் அல்ல. இது அளவைப் பற்றிய சங்கதி. அளவு என்று வந்துவிட்டால் அது யாருடைய ராஜ்யம்? பால்காரர் நுரையோடு சேர்த்து அளந்து ஊற்றினால் கண்டுபிடிப்பது யார்? எண்ணெய் பாக்கெட் பார்வைக்குப் பழைய மாதிரியே இருந்தும், உள்ளே ஐம்பது கிராம் குறைந்திருப்பதைக் கவனிப்பது யார்? நீங்கள்தானே! ஆகவே, கணக்கை உங்கள் முன்னால் வைப்பதில் தப்பில்லை.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்ப் பேரக் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வந்த தாய்மார்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அங்கே பல மாநிலங்களில் பால், முட்டை, ரொட்டி விற்கும் கடையிலேயே பீரும் இருக்கும். பெட்ரோல் போடும் இடத்தை ஒட்டிய சின்னக் கடைகளில் குளிர் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெட்டை நெட்டையாகச் சில டின்கள் நிற்கும். ஒன்றில் மண்டை ஓடு சிரிக்கும். இன்னொன்றில் மலையும் ஓடையும் மின்னும். கட்டாக அல்ல, ஒற்றை ஒற்றையாக விற்பார்கள். வாங்குகிறவர் ஒன்றை எடுத்துக் கொண்டு, "ஒரே ஒரு டின் தானே!" என்று சொல்லிக் கொண்டே காசை நீட்டுவார்.

அந்த 'ஒன்று' உண்மையில் எத்தனை? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பெண்கள் கையிலிருந்த தொழில்

முதலில் கிராஃப்ட் பீர் என்றால் என்ன? பெரிய ஆலைகளில் கோடிக் கணக்கில் ஒரே ருசியாகத் தயாராகாமல், சிறிய வடிசாலைகளில் கைப்பக்குவமாகத் தயாராகும் பீர். பார்லியை நாம் கேழ்வரகை முளை கட்டுவது போல் முளை கட்டி, காய வைத்து, வெந்நீரில் ஊற வைத்து, இனிப்புச் சாற்றை இறக்கி, 'ஹாப்ஸ்' என்ற பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். ஹாப்ஸ் ஒரு கொடி. அதில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் தருவது பெண் கொடியின் பூ மட்டுமே!

பூ மட்டும் என்ன, தொழிலே ஒரு காலத்தில் பெண்கள் கையில்தான் இருந்தது. பண்டைய சுமேரியாவில் பீருக்கு அதிதேவதை நின்காசி என்ற பெண் தெய்வம். இடைக்கால இங்கிலாந்தில் வீட்டுக்கு வேண்டிய ஏலைக் காய்ச்சி, மிஞ்சியதை வாசலில் வைத்து விற்றவர்கள் குடும்ப ஸ்திரீகளே. பிறகு முதலும் பெரிய அண்டாக்களும் சேர்ந்து அது பெரிய வியாபாரமாக வளர்ந்ததும், ஆண்கள் வந்து உட்கார்ந்து கொண்டார்கள். வழக்கமான கதைதான்!

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது எடுபட்ட பின் பிழைத்து எழுந்த வடிசாலைகளைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுங்கின. 1970-களின் கடைசியில் நாடு முழுவதும் சேர்ந்தே நூற்றுக்கும் குறைவான வடிசாலைகள்தான் மிஞ்சியிருந்தன. வீட்டிலேயே பீர் காய்ச்சிக் கொள்வதைக் குற்றமல்ல என்று ஆக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். அடுப்படியில் பழகியவர்கள் மெல்லக் கடை திறந்தார்கள். இன்று சிறிய வடிசாலைகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், சமூக சேவகியாக வேலை பார்த்த கிம் ஜோர்டன் என்ற அம்மாள், கணவருடன் சேர்ந்து வீட்டு நிலவறையில் 1991-ல் 'நியூ பெல்ஜியம்' என்ற வடிசாலையைத் தொடங்கினார். அது நாட்டின் மிகப் பெரிய கிராஃப்ட் வடிசாலைகளில் ஒன்றாக வளர்ந்தது; 2019-ல் ஜப்பானியக் கிரின் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. மண்டை ஓடு சிரிக்கிறது என்றேனே, அந்த டின் இந்த வடிசாலையினுடையதுதான்.

டின் வந்த கதை

பீரை டின்னில் அடைத்து முதன் முதலாக விற்றது 1935-ஆம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி. நியூவார்க் நகரத்துக் குரூகர் கம்பெனி, தன் ஊரில் விற்றுப் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று, தொலைவிலுள்ள ரிச்மண்ட் நகரில் பரீட்சை பார்த்தது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த டின்னைத் திறக்கத் தனி ஆயுதம் வேண்டும். தலையில் இரண்டு ஓட்டை குத்த வேண்டும். ஒன்று பீர் வர, மற்றொன்று காற்றுப் போக.

1959-ல் ஓஹையோ மாநிலத்து எர்மல் ஃப்ரேஸ் என்பவர் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனார். எல்லாம் எடுத்துப் போனவர்கள் திறப்பானை மறந்துவிட்டார்கள். காரின் பம்பரில் வைத்து டின்னை உடைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் விரலால் இழுத்துத் திறக்கும் வளையம். 1963-ல் காப்புரிமையும் கிடைத்தது. பிய்த்தெறிந்த வளையங்கள் கடற்கரையில் கால்களைக் கிழித்தன. பிறகு 1975-ல் டின்னோடு ஒட்டிக் கொண்டே இருக்கும் தாழ் வந்தது. இன்று நம் ஊர்க் குளிர்பான டின்னிலும் இருப்பது அதுதான்.

ஆனால் கௌரவமான பீர் என்றால் பாட்டில்தான், டின் என்றால் மட்டம் என்ற எண்ணம் மட்டும் வெகு நாள் இருந்தது. 2002-ல் கொலராடோவின் சிற்றூரான லயன்ஸில் உணவு விடுதி நடத்திய டேல் கடேகிஸ் என்பவர், தமது ஆஸ்கர் புளூஸ் வடிசாலையின் பீரை மேஜை மேல் வைக்கும் சிறு இயந்திரத்தில் கையாலேயே டின்னில் அடைத்து விற்கத் துணிந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. பீருக்கு இரண்டு எதிரிகள்: வெளிச்சமும் காற்றும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் சத்து மாறி ஒரு துர்நாற்றம் கிளம்பும். டின்னுக்குள் வெளிச்சம் நுழைய வழியில்லை. கனமும் குறைவு, உடையாது, உருக்கித் திரும்ப டின்னாக்கலாம்.

நெட்டை டின்

வழக்கமான அமெரிக்க பீர் டின் 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி. ஆறு டின் சேர்ந்தது ஒரு கட்டு. பிறகு 16 அவுன்ஸ் வந்தது, 473 மில்லி. அதற்கும் மேலே வந்ததுதான் நம் கதாநாயகன்: 19.2 அவுன்ஸ், 568 மில்லி. இதென்ன விசித்திரமான எண் என்கிறீர்களா? இங்கிலாந்தின் 'பைண்ட்' அளவு அது. அதற்கும் மேலே 24 அவுன்ஸ் உண்டு. வடிசாலைக்கே போனால் 32 அவுன்ஸ், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிடிக்கும் 'கிரௌலர்' என்ற டின்னைக் கண் முன்னால் நிரப்பி மூடித் தருவார்கள்.

இதில் ஒரு யுக்தியைக் கவனியுங்கள். 12 அவுன்ஸ் டின்னுக்கும் 19.2 அவுன்ஸ் டின்னுக்கும் குறுக்களவு ஒன்றுதான். உயரம் மட்டும்தான் அதிகம். வடிசாலைக்காரர் பெரிதாக இயந்திரம் மாற்ற வேண்டியதில்லை. வாங்குகிறவருக்கோ கை பிடிக்கும் பிடி அதே பிடி. ஆகவே 'ஒரு டின்' என்ற நினைப்பும் அதே நினைப்பு!

ஒற்றையாக ஏன் வாங்குகிறார்கள்? காரணம் நமக்குத் தெரியாததல்ல. பெரிய ஷாம்பு பாட்டில் வாங்கத் தயங்குகிறவர் ஒரு சாஷே வாங்கிப் பார்ப்பதில்லையா? ஆறு டின் கட்டு வாங்கி, முதல் வாய் பிடிக்காமல் போனால் மீதி ஐந்தை என்ன செய்வது? ஒன்று வாங்கினால் நஷ்டமும் ஒன்றோடு போயிற்று. ஆனால் ஒரு வித்தியாசம்: நாம் பெரியதைச் சின்னதாக்கி ஒற்றையாக விற்றோம், அவர்கள் சின்னதைப் பெரியதாக்கி ஒற்றையாக விற்கிறார்கள்.

முன்பு இந்த இடத்தில் இருந்தது 22 அவுன்ஸ் கண்ணாடி பாட்டில். மில்லிக் கணக்கில் அது 650. நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பெரிய பீர் பாட்டிலின் அளவேதான். அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பீரைத் தகர வாளியில் வாங்கி வருவார்கள். அப்பா வேலையிலிருந்து வந்ததும், பையனோ பெண்ணோ வாளியைத் தூக்கிக் கொண்டு மதுக் கடைக்கு ஓடும். அப்படியும் ஒரு காலம்!

ஒற்றை டின் விற்பனை எல்லா இடத்திலும் சுலபமாக வந்துவிடவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் பீர் விநியோகக் கடைக்குப் போனால் 24 டின் கொண்ட முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்று வெகு காலம் சட்டம் இருந்தது. 2016-ல் சட்டம் திருத்திய பிறகுதான் ஒன்று வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆயிற்று. சியாட்டில் நகரத்திலோ, மலிவும் கடுமையும் ஒன்று சேர்ந்த சில பீர் ரகங்களை நகர மையத்தில் விற்கவே கூடாது என்று 2006-ல் தடுத்தார்கள். பெரிய ஒற்றை டின்னும் ஒற்றைப் பாட்டிலும் ஏழை எளியவர்களைக் குறி வைக்கின்றன என்ற புகார் பழையது. இப்போது அதே உருவம் அழகான சட்டை போட்டுக் கொண்டு வந்திருக்கிறது.

அறுபதால் வகுத்துப் பாருங்கள்

இனிமேல்தான் கணக்கு. பென்சிலும் காகிதமும் தேவையில்லை. மனக் கணக்கே போதும்.

பெரிதானது டின் மட்டும் அல்ல. உள்ளே இருப்பதும் கடுமையாகிவிட்டது. வழக்கமான பீரில் நூற்றுக்கு 5 பங்கு சாராயச் சத்து. நெட்டை டின்களில் அதிகம் விற்கும் 'ஐ.பி.ஏ.' ரகத்தில் 7, 8, 9 என்று ஏறுகிறது. ஐ.பி.ஏ. என்பது 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலேறி வந்த பானத்தின் பெயர் இன்னும் நிற்கிறது.

அமெரிக்க வைத்திய நிபுணர்கள் ஒரு 'பங்கு' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 12 அவுன்ஸ் பீரில் 5 சதவீதம் இருந்தால் அது ஒரு பங்கு. ஒன்றரை அவுன்ஸ் விஸ்கியும் ஒரு பங்குதான். இரண்டிலும் சுத்தமான சாராயச் சத்து 14 கிராம். 12-ஐ 5-ஆல் பெருக்கினால் 60. ஆகவே எந்த டின்னானாலும், அவுன்ஸைச் சதவீதத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்துவிடுங்கள். பங்கு எத்தனை என்று தெரிந்துவிடும்.

12 அவுன்ஸ், 5 சதவீதம்: 1 பங்கு.
16 அவுன்ஸ், 8 சதவீதம்: 2 பங்குக்குச் சற்று மேல்.
19.2 அவுன்ஸ், 5 சதவீதம்: 1.6 பங்கு.
19.2 அவுன்ஸ், 9 சதவீதம்: 2.9 பங்கு.
32 அவுன்ஸ் கிரௌலர், 7 சதவீதம்: 3.7 பங்கு.

பார்த்தீர்களா! "ஒரே ஒரு டின்" என்று எடுத்தது கிட்டத்தட்ட மூன்று பீர். மூன்று முறை ஊற்றிய விஸ்கி என்றும் சொல்லலாம். மண்டை ஓடு எதற்காகச் சிரிக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

இது அமெரிக்காவின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீர் 8 சதவீதம் வரை போகலாம் என்பது சட்டம். 650 மில்லி பாட்டிலை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: அதுவும் 2.9 பங்குதான். "பீர் தானே, பாட்டில் ஒன்று தானே" என்பவருக்கும் இதே பதில்.

திறந்தால் மூட முடியாது

சரி, மூன்று பங்கு இருந்தால் என்ன, இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று குடிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஊறுகாய் ஜாடிக்கு மூடி இருக்கிறது. விஸ்கி பாட்டிலுக்குக் கூட மூடி இருக்கிறது. டின்னுக்கு மூடி கிடையாது! தாழைத் தூக்கியதும் காற்றுப் புகுந்துவிடும், நுரை அடங்கிவிடும், மறு நாள் அது சப்பென்று போய்விடும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? ஆகவே உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு குடிப்பது என்பதைக் குடிக்கிறவர் தீர்மானிப்பதில்லை. டின் செய்தவர் தீர்மானித்துவிடுகிறார். என்னைக் கேட்டால், ஆபத்தின் ஆணி வேர் இதுதான்.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். உடம்பில் நீர்ச் சத்தின் பங்கு பெண்களுக்குக் குறைவு. அதனால் ஒரே அளவு குடித்தாலும் அவர்கள் ரத்தத்தில் ஏறுவது அதிகம். 2020-ல் வெளியான அமெரிக்க அரசாங்க உணவு வழிகாட்டி, குடிக்கிற பெண்கள் நாளொன்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்றது, ஆண்களுக்கு இரண்டு. அந்தக் கணக்குப்படி 9 சதவீத நெட்டை டின் ஒன்று, ஒரு பெண்ணின் மூன்று நாள் பங்கு! அதற்குப் பிறகு வந்த சேதிகள் இன்னும் கண்டிப்பானவை. எவ்வளவு குறைவானாலும் அது ஆபத்தில்லாத அளவு என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் அறிவித்தது. மதுவுக்கும் மார்பகப் புற்று நோய் உள்ளிட்ட பல புற்று நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2025 ஜனவரியில் எச்சரிக்கை விடுத்தார். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்ற வாசகமோ 1989 முதல் ஒவ்வொரு டின்னிலும் அச்சிடப்படுகிறது. எழுத்து பொடிதானே தவிர விஷயம் பொடி அல்ல.

கார் ஓட்டுகிறவர் கதை வேறு. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு பங்கைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும் சரி, தலையில் தண்ணீர் ஊற்றினாலும் சரி, அது அவசரப்படாது. "ஒரு பீர்தான் சாப்பிட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுச் சாவியை எடுப்பவர் பொய் சொல்லவில்லை, எண்ணத்தான் தெரியவில்லை.

வாங்குகிறவர் வீட்டில் இருந்தால்

உங்கள் வீட்டில் குடிக்கும் பழக்கமே இல்லையென்றால் மெத்த சந்தோஷம். இருந்தாலோ, அக்கரையில் உள்ள பிள்ளைகளுக்கு இருந்தாலோ, சண்டை போடுவதை விட இந்த நாலு விஷயங்களைச் சொல்லி வைப்பது உத்தமம்.

முதலாவது, படத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும். அவுன்ஸ் ஒன்று, சதவீதம் ஒன்று. 'ஏ.பி.வி.' என்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் சதவீதம் இருக்கும். எல்லா பீரிலும் அதைப் போட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்கத் தேசியச் சட்டம் வற்புறுத்தவில்லை; பெரும்பாலான கிராஃப்ட் வடிசாலைகள் போடுகின்றன. போடாத டின்னை அலமாரியிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, டின்னின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடைத்த தேதி அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். ஹாப்ஸ் வாசனை கொண்ட பீர் நம் காபிப் பொடியைப் போல. நாளாக ஆக மணம் போய்விடும்.

மூன்றாவது, விலை. கட்டு 12 டாலர், நெட்டை டின் மூன்றரை டாலர் என்று வைத்துக் கொள்ளுங்கள். கட்டில் இருப்பது 72 அவுன்ஸ். அவுன்ஸுக்கு 17 சென்ட்டுக்கும் குறைவு. நெட்டை டின்னிலோ 18 சென்ட்டுக்கு மேல். பெரிய டின் என்பதால் மலிவு என்று அர்த்தமில்லை. கையிலிருந்து போகும் நோட்டு சிறியது, அவ்வளவுதான்.

நாலாவதுதான் தலையாயது. பெரிய டின்னை வாயில் வைத்துக் குடிக்கக் கூடாது. மூன்று கிளாஸை எடுத்து வைத்து மூன்று பேர் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். புது ருசி பார்ப்பதுதானே ஒற்றை டின் வாங்குவதன் நோக்கம்? ருசி பார்க்க ஒரு கிளாஸ் போதுமே! பங்கிட ஆள் இல்லையென்றால் 12 அவுன்ஸ் டின் இருக்கிறது. சாராயச் சத்து அரை சதவீதத்துக்கும் குறைவான பீர்களும் இப்போது நல்ல ருசியோடு வருகின்றன.

அடுத்த முறை வீடியோவில் பிள்ளை பேசும்போது, பின்னால் மேஜை மேல் நெட்டையாக ஒரு டின் தெரிந்தால் பதற வேண்டாம். "எத்தனை அவுன்ஸ், எத்தனை சதவீதம்?" என்று மட்டும் சாவதானமாகக் கேளுங்கள். அவன் சொன்னதும் பெருக்கி, அறுபதால் வகுத்து விடையைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று பிள்ளை திகைப்பான். திகைக்கட்டும், அளவைப் பற்றி அம்மாவிடம் வாதாடி ஜெயித்த பிள்ளை எந்த ஊரில் உண்டு?